மூக்கு இன்னும் வரல

கூடை உப்பு அம்பாரத்தில் சரிந்ததும் திரௌபதியின் விரல் மணிக்கட்டைத் தொடுகிறது. அடுத்த கூடைக்கு முன்கை. வாய் திறப்பதில்லை. மரக்காணம் உப்பளத்தில் கூவிச் சொன்னதைக் கடல்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். தலைச்சுமையோடு வரப்பில் வரும் பெண்களுக்கு அவள் விரல் நிற்கும் இடம் தூரத்திலேயே தெரியும். "மூக்கு தாண்டட்டும்டி, தண்ணி குடிக்கலாம்" என்று பேசிக்கொள்வார்கள்.

வலக்கைக் கட்டைவிரலில் தொடங்கி, முழங்கை, தோள், காது, கண் என ஏறி, மூக்கில் திரும்பி, இடப்பக்கம் இறங்கிச் சுண்டுவிரலில் முடிந்தால் இருபத்தேழு. பாப்புவா நியூகினி மலைகளில் ஒரு மொழிக்காரர்கள் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அங்கே வாழ்ந்து திரும்பிய ஓர் அம்மாள் ஆரோவில்லில் இருந்தார். அவர் வீட்டில் சமைத்தபோது திரௌபதி கற்றுக்கொண்டது இது. "அவங்க ஊரு கணக்கு நம்ம ஒடம்புக்கும் சரியாத்தான் இருக்குது" என்பாள். எண் பொருளில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்று தர்க்கம் செய்கிறவர்கள் உண்டு. திரௌபதிக்கு அது தோலில் இருக்கிறது.

ஆகவே எண்ணும்போது சொறியக் கூடாது. சுனாமிக்குப் பிந்தைய இந்தக் கோடையில் ஒருநாள் ஈ கடித்து, கை தானாகக் காதுக்குப் போய்விட்டது. கணக்கு தாவியது. "ஏங்க்கா, ஈ கடிச்சாக்கூடக் கூடை ஏறுமா?" என்று சிரித்த மேஸ்திரி சக்கரபாணி, எண்ணும் வேலையைப் பிடுங்கிக்கொண்டார். கூடைக் கணக்கில்தான் கூலி என்பதால் பெண்கள் விடவில்லை. "எங்க கூடைய எங்க ஆளுதான் எண்ணணும்" என்றார்கள். கடைசியில், இன்று ஒருநாள் இருவரும் எண்ணுவது, திரௌபதி பிசகினால் பெண்கள் இனி அந்த வேலையைக் கேட்பதில்லை என்று முடிவாயிற்று.

மாலைவரை அவர் போட்ட கரிக்கோடும் அவள் விரலும் ஒத்தே போயின. கடைசிச் சுற்றில், முழங்கையில் விரல் நின்றபோது, சரிந்த கூடையிலிருந்து ஒரு கல் உப்பு அவள் இடக்கண்ணில் தெறித்தது. நீர் கொட்டியது. கை கண்ணுக்குப் போகவில்லை. பார்த்த பெண்கள் நடையை எட்டிப் போட்டார்கள். மேற்கை, தோள், கழுத்து, காது, வலக்கண்.

சக்கரபாணிக்கே பொறுக்கவில்லை. "தொடச்சிக்கக்கா. அத நான் கணக்குல சேக்க மாட்டேன்."

"இரு மேஸ்திரி. மூக்கு இன்னும் வரல."

மூக்குக்கு ஒரு கூடை வந்தது. அதன் பின்னாலேயே வரப்பில் அடுத்து வந்த சகாயசெல்வி ஏறக்குறைய ஓடிவந்து தன் கூடையைக் கவிழ்த்தாள்.

"நாளையிலேர்ந்து நீயே எண்ணுக்கா" என்று சக்கரபாணி கரிக்கட்டையைப் பாத்தியில் எறிந்தார்.

திரௌபதி இடக்கண்ணில் விரலை வைத்தாள். வைத்த விரலாலேயே துடைத்துக்கொண்டாள்.