கவ்ரீலும் வண்டியின் மூச்சும்

“கண்ணைக் கட்டி விடுங்கப்பா. நூறு வண்டி நின்னு உறுமட்டும், மூச்சை வச்சே என் வண்டியைத் தொட்டுக் காட்டிருவேன்.”

சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் நின்று கவ்ரீல் இப்படி முழங்கியபோது அக்டோபர் பிறந்திருந்தது. தம் காரின் சன்னல்களுக்கு இரண்டாவது கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்கு அவர் வண்டியைத் தயார் செய்வது ஒரு கல்யாண வேலை. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை. எஞ்சினுக்குத் தம் கையாலேயே தைத்த கம்பளிப் போர்வை. நடுநடுவே அடுத்தவர் வண்டிகளுக்கும் வைத்தியம் பார்ப்பார். என் எஞ்சின் எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, ஜனவரியில இதைக் கரண்டி போட்டுத்தான் எடுக்கணும்” என்றார். அன்றே மாற்றினேன்.

மாலையானால், குளிரில் செத்துவிடாதபடி பேட்டரியைக் கழற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்து மாடிக்கு எடுத்துப் போவார். சமையலறையில், வீட்டைச் சூடாக்கும் வெப்பக் குழாயை ஒட்டி ஒரு முக்காலி. அதுதான் பேட்டரியின் படுக்கை. முன்பு அந்த இடத்தில் அவர் மனைவி அக்குலீனா ரொட்டி மாவைப் பொங்க வைப்பாள். மாவுக்கு இடம் போனதிலிருந்து அந்த வீட்டு ரொட்டியைக் கடிக்கத் தைரியம் வேண்டும். வண்டியைச் சூடேற்றிய கொட்டகையில் விடச் சொல்லி அவள் கேட்டுப் பார்த்தாள்.

“கொட்டகையில வளர்றது வண்டியில்ல, பூனை” என்றார்.

“சரி. என்னைக்காவது ஒருநாள் அடுத்தவன் வண்டியில ஏறுனீங்கன்னா, இந்தப் பெட்டி என் அடுப்படியை விட்டுப் போகணும்.”

“தாராளமா.” ஊரே கேட்கச் சிரித்தார்.

ஜனவரி. சந்தையில் மீன்கள் விறைத்து விறகுக்கட்டைகளாக நின்றன. பனிமூட்டத்தில் நீட்டிய கை தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றிச் சூட்டில் வைக்காமல் எஞ்சினை அணைத்தால் வசந்தத்தில்தான் கிளப்ப முடியும் என்பதால், வரிசையாக எல்லா வண்டிகளும் உறுமிக்கொண்டே நின்றன. எல்லாம் ஒரே உறைபனி நிறம். வண்டி ஓட்டும் என் மனைவி மீன் வாங்கப் போயிருந்தாள். நான் எங்கள் வண்டியின் பக்கத்து இருக்கையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. முதலில் ஒரு மீன் கட்டு என் மடியில் விழுந்தது. பின்னாலேயே கவ்ரீல், கண்களை இறுக மூடியபடி. உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

“வந்துட்டேன்டி கண்ணு.”

“வாங்கண்ணே” என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஐஸ்கிரீமைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடு கலையவில்லை. “உன் வண்டிக்கு இருமல் மாதிரி கேட்டுச்சு. அதான் பாத்துட்டுப் போலாம்னு.” இறங்கி, சூடு வெளியே போகாதபடி கதவை மெல்லச் சாத்தினார். மீனை மறந்துவிட்டார்.

மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்குலீனா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முக்காலியில் பேட்டரி கொலுவிருந்தது. மீன் எப்படி என்னிடம் வந்தது என்று கேட்டாள். கடையிலேயே மறந்து வைத்துவிட்டார் என்று கூசாமல் சொன்னேன். நம்பிவிட்டாள்.

கவ்ரீல் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, பேட்டரியைத் தூக்கி வாசல் காலணிகளின் பக்கத்தில் வைத்தார். அக்குலீனாவின் கையிலிருந்த மாவுச் சட்டியை வாங்கி முக்காலியில் அமர்த்தினார். எஞ்சினுக்கென்று புதிதாகத் தைத்து வைத்திருந்த கம்பளியை எடுத்து அதன்மேல் போர்த்தி, நான்கு ஓரங்களையும் மெதுவாகச் செருகிவிட்டார்.