வருவார் என்று சொன்னேன்

அண்ணி எங்கள் சபைக்கு முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் தொடங்கியதும் அவருடைய வலது கை தானாக நெற்றிக்குப் போனது. நெற்றியைத் தொட்டுவிட்டு மார்புக்கு இறங்குவதற்குள் நின்றது. சுற்றிலும் யாரும் சிலுவை போடவில்லை என்பதைக் கவனித்திருப்பார். அந்தக் கையை அப்படியே காதோரம் கொண்டுபோய், கலையாத முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சிரிப்பு வந்தது. அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த நாங்கள் முதலில் பகிர்ந்துகொண்டது அந்தச் சிரிப்பைத்தான். அவர் அன்று எதை அடக்கிக்கொண்டார் என்று யோசிக்க எனக்கு அவருடைய சாவு வரைக்கும் ஆனது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நோட்டுப்புத்தகக் கடையின் மாடியில் எங்கள் சபை கூடியது. இருபது குடும்பம்கூடத் தேறாது. யூனிடேரியன் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது. நீங்கள் எந்தக் கோயில், எந்தச் சர்ச் என்று திரும்பவும் கேட்பார்கள். பிதா, சுதன், ஆவி என்று மூன்றாக இல்லாமல் கடவுள் ஒருவரே என்று நம்புகிறவர்கள் நாங்கள். இயேசு எங்களுக்கு வழிகாட்டிய மனிதர். எங்கள் மாடியில் சிலுவையும் சுரூபமும் கிடையாது. ஒரு மேசையும் ஒரு விளக்கும்தான். பாவமன்னிப்புக் கொடுக்கும் குருவானவரும் கிடையாது. சபையை நடத்தியவர் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவர்; ஐயா என்போம். அவரவர் மனச்சாட்சி அவரவருக்குப் பீடம், அதில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். நான் சபையின் செயலாளராக இருந்தேன். வெளியாட்களிடம் அந்த வாக்கியத்தை என் சொந்த வாக்கியம்போலச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணி முதுநகர்க் கத்தோலிக்கக் குடும்பம். தாய் தகப்பன் இல்லாமல் அவருடைய அக்காதான் வளர்த்தார். அண்ணன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். இருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த இடத்தை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது. நான் வேலைக்குப் போன பிறகும் அண்ணிதான் முள் பார்த்து என் தட்டில் வைப்பார். "டீச்சரம்மாவுக்கு இது ஒண்ணுதான் பாடத்துல வரல" என்பார். சபையிலும் அப்படித்தான், யார் வீட்டில் என்ன என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர். தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. அவர் முழுக்க எங்களில் ஒருவராகிவிட்டார் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் சிதம்பரத்தில்தான் என்பதால் பள்ளி விட்டதும் நேராக வந்து அவருடன் இருக்க முடிந்தது. அண்ணியின் அக்கா அப்போது மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அண்ணி என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, ஒரு ஃபாதர கூட்டிட்டு வரியா? எண்ண பூசிட்டுப் போகட்டும். உங்க அண்ணன் என்னா சொல்லுவாரோ தெரியல. நீ சொன்னா கேப்பாரு."

நோயில்பூசுதல் என்பார்கள். சாகக் கிடப்பவருக்குக் குருவானவர் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பது. இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணி எங்களிடம் கேட்ட முதல் காரியம்.

வராந்தாவில் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. "சாவு பயத்துல கேக்குறா. பயத்துக்கு எண்ண பூசுனா சரியாயிடுமா? அவ நம்ம சபக்காரி. ஐயாகிட்ட கேளு" என்றார். ஐயாவுக்குப் போன் செய்தேன். அவர் அன்பாகத்தான் பேசினார். "பயத்த வளக்காதம்மா. பக்கத்துல இருந்து கையப் புடிச்சிக்க. நமக்கும் கடவுளுக்கும் நடுவுல ஆள் எதுக்கு?" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் இருவர் மீதும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. யாரையும் கேட்காமல் நான் போயிருக்கலாம்.

திரும்பி உள்ளே போனேன். முடியாது என்று சொல்லும் நேர்மைகூட எனக்கு இல்லை. "சொல்லிட்டேன் அண்ணி. வருவாரு" என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணி தயாராக ஆரம்பித்தார். நைட்டியோடு ஃபாதர் முன்னால் படுத்திருக்கக் கூடாது என்றார். வெளிர்நீலப் புடவையை மேலே சுற்றிவிட்டேன். தலை வாரச் சொன்னார். சீப்போடு கொத்தாக வந்த முடியை அவர் பார்க்காதபடி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த மாத்திரைகளையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துவிட்டு வெள்ளைக் கைக்குட்டை விரிக்கச் சொன்னார். எண்ணெய்ச் சிமிழை வைக்க இடம் வேண்டுமாம். பிறகு, "ஒரு மெழுகுவத்தி வாங்கியாந்துடு பாப்பா" என்றார்.

நான் போனேன். மருத்துவமனை வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒருவர் "எங்கம்மா போவணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, எதிர்க் கடையில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் எந்த இடத்துக்காவது திரும்பிப் போக முடியுமென்றால், நான் அந்த ஆட்டோக்காரரிடம் போவேன்.

அன்று மாலை முழுவதும் அண்ணி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் புடவையைச் சரிசெய்துகொண்டார். வராத ஒருவருக்காக அவரே காரணங்கள் கண்டுபிடித்தார். "சனிக்கிழம பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ண ஆளுங்க வருவாங்க" என்றார். மறுநாள் காலையில், "ஞாயித்துக்கெழம வேல ஜாஸ்தி. பூசைய முடிச்சிட்டுத்தான் வருவாரு" என்றார். பதினொரு மணிக்கு மூச்சு அடங்கியது. நான் ஐயா சொன்னபடி கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணியின் கண் என் பக்கம் திரும்பவில்லை.

சென்னையிலிருந்து ஓடிவந்த அக்கா, உடலைப் பார்ப்பதற்கு முன்னால் என் தோளைப் பிடித்து, "சாமியார் வந்தாரா?" என்று கேட்டார். "வந்தாருக்கா" என்றேன். அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருப்பம்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றார். எங்கள் சபை முறைப்படி அடக்கம் நடந்தபோது அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தங்கைக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்ற நிம்மதி அவருக்கு.

அந்த நிம்மதியில் அவர் நான்கு வருஷம் வாழ்ந்தார். நான் அவருக்குத் தங்கை ஆனேன். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவார். வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சிக்குக் கடைசியில சாமியார கூட்டியாந்தது இந்தப் புள்ளதான்" என்று சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதைத் தன்னடக்கம் என்று நினைத்து அவர் இன்னும் உருகுவார்.

எங்கள் சபையில் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கிடையாது. தவறு செய்துவிட்டதாக நினைப்பவர்கள் எழுந்து சொல்லலாம், மற்றவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் சின்னச் சின்ன மனத்தாங்கல்கள்தான் வரும். அண்ணி இறந்த நான்காவது வருஷம் ஐயாவே எழுந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மனச்சாட்சி சுதந்திரம்னு நாப்பது வருஷமா பேசிட்டேன். சாகப்போற ஒரு பொண்ணு தன்னோட மனச்சாட்சிப்படி ஒண்ணு கேட்டா. பயம்னு சொல்லி நான் தள்ளிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்த நான் நேரா பேசல" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான் எழுந்து சொன்னேன். வருவார் என்று சொன்னதை, மெழுகுவத்தி வாங்கியதை, அக்காவிடம் சொன்னதை. நான் முடிப்பதற்குள் அண்ணன் எழுந்து மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அன்று யாரும் என்னைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. அன்றைய சபைச் சாப்பாட்டுக்குச் சமைக்க வந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சில வாரங்கள் சபை இதைப் பற்றியே பேசியது. நாங்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம்: ஒவ்வொருவரும் தம் கடைசி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஜெபம் வேண்டும், அல்லது ஒன்றும் வேண்டாமா என்று ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் தர வேண்டும்; என்ன எழுதியிருந்தாலும் அதைச் செய்து கொடுப்பது சபையின் கடமை. பலரும் எழுதியதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவர் நடராஜர் கோயில் திருநீறு கேட்டிருந்தார். இன்னொருவர் பாத்திஹா ஓத ஒரு நண்பரின் பெயரைக் குறித்திருந்தார். இத்தனை பேர் எங்களோடு உட்கார்ந்து எதையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார்களோ. அண்ணன் மட்டும் தாளைத் திருப்பித் தரவில்லை.

அக்காவிடம் சொல்வதா என்று ஐயாவிடம் கேட்டேன். "நான் சொல்லமாட்டேம்மா. போன தடவ எங்கிட்ட கேட்டுத்தான் இப்படி ஆச்சு" என்றார். நானே முடிவு செய்து முதுநகருக்குப் போனேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். நான் முடித்ததும் கதவை விடாமலே கேட்டார்.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொன்ன? உன் பாரம் எறங்கிடுச்சு. நான் எங்க போயி எறக்கி வெக்கறது?"

கதவு மூடிக்கொண்டது. உண்மையைச் சொல்வது நல்லது என்று மட்டுமே நான் படித்திருந்தேன். அது கேட்பவருக்கு என்ன செய்யும் என்று படித்ததில்லை. நான்கு வருஷம் அவர் கையில் வைத்திருந்த ஒரே ஆறுதலை, என் மனம் தாங்கவில்லை என்பதற்காகப் பிடுங்கிவிட்டு வந்திருந்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாமா? அதுவும் முடியாது. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்ட இடத்தில் நான் அடுத்த இரண்டு வருஷம் இருந்தேன். பலகாரம் வரவில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அக்கா எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்.

சென்ற வருஷம் அண்ணனுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அதே மருத்துவமனை. காலையில் பச்சை அங்கி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணி இறந்ததிலிருந்து அவரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கூரையைப் பார்த்தபடி அவர் திடீரென்று சொன்னார்.

"அந்தத் தாள நான் எழுதல."

"அதுக்கென்னா இப்ப? நல்லா ஆயி வந்துடுவ."

"இப்ப சொல்றேன், கேளு. சமையக்கட்டுல உங்க அண்ணி முணுமுணுன்னு ஒண்ணு சொல்லுவா. செபமால. எனக்குக் கேக்கலன்னு நெனச்சிக்கிட்டுச் சொல்லுவா. நான் கூடத்துல பேப்பர் படிக்கிற மாதிரி ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு நாளும், சத்தமா சொல்லேன்டின்னு சொன்னதில்ல." அங்கியின் நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு வரிங்க தெரியல. அவ அக்காவுக்குத் தெரியும்."

போனைப் போட்டேன். அக்கா எடுத்தார். பெயரைச் சொன்னதும் வைத்துவிடுவார் என்று பயந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம். "போன அவரு காதுகிட்ட வெய்யி" என்றார்.

முழுச் செபத்தையும் சொன்னார். அவசரப்படவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாலேயே உதட்டை அசைத்துக்கொண்டு போனார். கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் இறங்கியது. முடிந்ததும் அவர் "அக்கா" என்றார். இணைப்பு அறுந்திருந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இப்போது மெதுவாக மாடிப்படி ஏறிச் சபைக்கு வருகிறார். ஐயா இல்லை, போன மழைக்காலத்தில் காலமானார். அவர் தாளில் 'யாரும் வேண்டாம், ஆனால் யார் வந்தாலும் உள்ளே விடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

அண்ணன் வீடு திரும்பிய செய்தியைச் சொல்ல நான் முதுநகர் போனேன். சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிவிடுவதாகத்தான் இருந்தேன். அக்கா வழிவிட்டு நகர்ந்து நின்றார். உள்ளே இரண்டு நாற்காலிகளில் ஒன்றை என் பக்கம் இழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னது எதுவும் எனக்கு மண்டையில ஏறல" என்றார். "கடைசி ரெண்டு நாளு அவ எப்படி இருந்தா, என்னா பேசுனா, எல்லாத்தையும் சொல்லு. எனக்கு வலிக்கும்னு எதையும் மாத்தாத."

நான் உட்கார்ந்தேன். அவர் என் எதிரில் உட்கார்ந்தார். சனிக்கிழமை பிற்பகலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.