வேறு குறிப்பு: இல்லை

ஓட்டக்காரிகள் அவளுக்கு வைத்த பெயர் கழுகக்கா. பிழைப்பு அப்படி. போட்டி முடிந்ததும் ஜெயித்தவளோடு கழிப்பறைக்குப் போய், கப்பில் விழும் சிறுநீர் அவளுடையதுதானா என்று நின்று பார்க்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனை. கதவைச் சாத்தக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது. மற்ற நாளில் ஆஸ்பத்திரி நர்ஸ். பதினைந்து வருடமாகப் படிவத்தின் கடைசி வரியில், 'வேறு குறிப்பு' என்ற இடத்தில், 'இல்லை' என்றே எழுதி வந்திருக்கிறாள்.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்ணூறு மீட்டரில் தங்கச்சி மகள் ஓடினாள். ஆறு வருடமாக விடியுமுன் எழுந்து ஓடிய பிள்ளை. ஒரே ஒரு எட்டு வித்தியாசத்தில் தங்கம் போயிற்று. அவளைச் சோதிக்க வேறு நர்ஸ் போனாள், சொந்தம் பார்க்கக் கூடாதல்லவா. கழுகக்காவுக்கு வாய்த்தவள் தங்கம் வாங்கியவள். இருபத்திரண்டு வயசு.

கப்பை மூடும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க நர்ஸ்தானே? எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட மாசவிலக்கு வந்ததில்ல. ஓடுறதாலயா?"

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"கோச்சுக்குத் தெரியும். மாசாமாசம் லீவு கேக்காத ஒரே பொண்ணு நீதான்னு மெச்சிப்பாரு."

அந்த மனுஷனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் போலிருந்தது. கழுகக்காவுக்கு இரண்டு காரணம் தோன்றியது. சாப்பாடு பத்தாமல் ஓடினாலும் இப்படி ஆகும். பெண்ணாகவே பிறந்து வளர்ந்து, உள்ளே ஆண்களுக்குச் சுரக்கிற அளவு ஹார்மோன் சுரக்கிறவர்களுக்கும் ஆகும். முன்னதென்றால் வைத்தியம் உண்டு. பின்னதென்றால் பெண்கள் போட்டியிலிருந்தே தடகளச் சங்கம் அவளை நிறுத்திவிடலாம். அடுத்த தங்கம் தங்கச்சி வீட்டுக்கு வரும். டாக்டரைப் பார் என்றால் சுயநலம். வாயை மூடிக்கொண்டால் இந்த நர்ஸ் உடுப்பு எதற்கு?

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோம்மா. ரெண்டாவதா வந்தவ என் தங்கச்சி பொண்ணு. அதை மனசுல வெச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளு. நீ டாக்டரைப் பாக்கணும்."

அந்தப் பெண் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "பாத்தா ஓட விடுவாங்களா?"

"தெரியலம்மா."

"நான் எந்தத் தப்பும் பண்ணலக்கா."

"பண்ணலதான். அவளும் பண்ணல."

படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டது.

வெளியே வந்தால் தங்கச்சியின் போன். "அக்கா, அந்தத் தங்கம் வாங்கினவ குரலைக் கேட்டியா? ஆம்பளக் குரல் மாதிரி இல்ல? உன் கண்ணு முன்னாடிதானே எல்லாம். ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லடி."

"அப்ப அடுத்த போட்டியிலயும் அவ ஓடுவாளா?"

கழுகக்கா நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். ஓடுவாள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடமாட்டாள் என்று நினைத்த மாத்திரத்தில் மனசின் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. போனில் தங்கச்சி, "அக்கா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.