முட்டுச்சந்து கட்டிய வீடு

பல் செட் செய்து தரும் லேபில் அவளுக்கு வேலை. மெழுகு ஆறும்வரை கை சும்மா இருக்கும். வாய் சும்மா இருக்காது. செல்போனை எடுத்து, வீடியோ கேம் பிரியர்களின் இணையக் குழுவில் யாரையாவது வம்புக்கு இழுப்பாள். அங்கே அவள் பெயர் ‘கடவாய்’. அவளுக்கென்றே வாய்த்த எதிராளி, முகம் தெரியாத ‘முட்டுச்சந்து’.

கேமில் சிரிப்பு எங்கிருந்து வரவேண்டும் என்பதுதான் சண்டை. வசனம் நன்றாக இருந்தால் போதும் என்பான் அவன். விடுவாளா இவள்?

“கேம்ல ஒரே பள்ளத்துல திரும்பத் திரும்ப விழறவன் அதே ஜோக்கைத் திரும்பத் திரும்பக் கேக்கணுமா? கண்ணுல படற சாமான்ல இருக்கணும் சிரிப்பு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜைச் சாத்தினா பக்கத்து அலமாரி திறந்துக்கும். அலமாரியைச் சாத்தினா ஃப்ரிட்ஜ் திறந்துக்கும். அதுக்கு வசனம் வேணுமா?”

இப்படிப் போகிற போக்கில் உதாரணம் உதாரணமாக எடுத்து விடுவாள்.

ஒரு ஞாயிறு மதியம் முட்டுச்சந்து தானே செய்த சின்ன கேம் ஒன்றைக் குழுவில் போட்டான். “கடவாய் கேட்ட மாதிரியே. பேச்சே கிடையாது. சிரிங்க பார்ப்போம்.”

பஸ் ஓட்டும் கணவருக்கு அன்று விடுமுறை. இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு சமையலறை. ஃப்ரிட்ஜும் அலமாரியும் மாறி மாறித் திறந்துகொள்ள, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும்தான். ஹாலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியதும் அவள் சிரிப்பு நின்றது. ஜன்னலோரம் நாற்காலி. அதன் குட்டைக் காலுக்கடியில், இவர்கள் வீட்டில் இருப்பது போலவே, மடித்து வைத்த அட்டை.

“இவன் நம்ம வீட்டுக்கு வந்திருக்கானா?” கணவரின் குரல் இறங்கிவிட்டது.

சமையலறைக்குத் திரும்பினால், இப்போது சிங்க் முன்னால் ஒரு பெண், முதுகு காட்டி நின்றாள். பாத்திரத்தைத் தள்ளினாலும் விளக்கை அணைத்தாலும் அவள் திரும்பவேயில்லை. அதுதான் ஜோக் போலிருக்கிறது.

“நான் கூப்பிட்டாலும் நீ இப்படித்தான் நிப்ப” என்றார் கணவர். அவர் சிரிக்கவில்லை.

முட்டுச்சந்தைத் தனியாகக் கேட்டாள். “எல்லாம் நீங்க எழுதினதுதாங்க. ஒண்ணா சேர்த்தேன், அவ்வளவுதான்” என்று அவளுடைய பழைய பதிவுகளையே எடுத்து அனுப்பினான். ஒவ்வொன்றாகப் படித்தாள். சாவியை எங்கே வைப்பாள் என்பது வரை, வாதத்தில் ஜெயிக்கும் அவசரத்தில் தானே கொட்டி வைத்திருந்தாள். அவன் மன்னிப்புக் கேட்டு கேமை எடுத்துவிட்டான். அதற்குள் பலர் டவுன்லோட் செய்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் லேபில் குழுவைத் திறந்தாள். எவனோ எழுதியிருந்தான்: “நான் ஆடறப்போ சிங்க் அம்மா திரும்பினாங்க.”

“வாய்ப்பே இல்ல. நான் முகமே வரையல” என்றான் முட்டுச்சந்து.

“திரும்பினாங்கப்பா. என்னமோ சொல்ல வாயைத் திறந்தாங்க. உள்ள ஒரு பல்லு கூட இல்ல.”

கையிலிருந்த மெழுகை அவள் அப்படியே வைத்துவிட்டாள்.

அன்று மாலையே பூட்டை மாற்றினார்கள். ஃப்ரிட்ஜை ஹாலுக்கு நகர்த்தினார்கள். “இனிமே அந்த வீடு வேற, நம்ம வீடு வேற” என்றார் கணவர், மூச்சு வாங்க.

குழுவில் இன்னமும் சண்டை போடுகிறாள். உதாரணத்தை மட்டும் பஸ் நிறுத்தம், கடை என்று வீட்டுக்கு வெளியிலிருந்தே எடுக்கிறாள். பாத்திரம் கழுவும்போது கணவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறாள். அவரும் ஏன் என்று கேட்பதில்லை, துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.