நாற்பத்திரண்டு முகங்கள்

எங்கள் வீட்டிலிருந்து பேத்தியின் நர்சரிப் பள்ளிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. திரும்பி வரும்போது எழுநூற்றுக்குக் குறையாது. காலையில் அவளை நான் இழுத்துப் போகிறேன். மத்தியானம் அவள் என்னை இழுத்து வருகிறாள். வழியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாயையும் சுற்றி வர வேண்டும் என்பது அவள் கொள்கை. திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது நாய்கள்.

பள்ளிக்கூடம் ஒரு மாடிக் கட்டடம். கீழே எல்.கே.ஜி., யு.கே.ஜி. மேலே ஒன்றாம் வகுப்பு. ஆனால் அங்கே யாரும் ஒன்றாம் வகுப்பு என்று சொல்வதில்லை. 'மாடி' என்பார்கள். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வாழ்க்கையின் லட்சியமே மாடிதான். "நான் அடுத்த வருசம் மாடிக்குப் போறேன்" என்று என் பேத்தி பால்காரரிடம் சொன்னாள், சிலிண்டர் போடுகிறவரிடம் சொன்னாள், மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவரிடமும் சொன்னாள். அவர் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி கட்டப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "அப்ப தனி மீட்டர் போடணும் சார்" என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரத்தில் அந்தப் புத்தகம் வந்தது. மாடிக்குப் போகுமுன் பிள்ளைக்கு என்னென்ன தெரியும் என்று பதிவு செய்வதற்காம். மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். பொத்தான் போடுவாளா, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பாளா, படியில் கால் மாற்றி ஏறுவாளா, பார்த்ததைக் கதையாகச் சொல்வாளா. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வட்டங்கள். ஒன்றில் டீச்சர் முகம் வரைய வேண்டும்; மற்றதில் வீட்டார். சிரிக்கும் முகம், நேர்வாய் முகம், அழும் முகம் என்று மூன்று வகை.

மருமகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். மகன் தினமும் வாடிப்பட்டிக்குப் போய் வருகிறான். ஆகவே புத்தகம் என் கைக்கு வந்தது.

"மாமா, வீட்டுல நீங்கதான அவகூட இருக்கீங்க. அம்புட்டுக்கும் சிரிப்பு மூஞ்சி போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க" என்றாள் மருமகள்.

"எனக்குப் பதினாலு நாளாவது வேணுமேம்மா."

"மூஞ்சி வரையவா?"

"பாக்க வேணாமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள், போய்விட்டாள். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது புள்ளியியல் அலுவலகத்தில். அறுவடைக்கு முன்னால் வயல்களுக்குப் போய், இந்த வருடம் விளைச்சல் எவ்வளவு என்று கணக்கிடுவது என் பிழைப்பு. ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் கயிறு கட்டி, நான்கு முளை அடித்து, அந்தச் சதுரத்துக்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போடுவோம். சதுரம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது, வயல்காரரும் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் சீட்டு மாதிரி, எண் அட்டவணை தீர்மானிக்கும். திருவாதவூரில் ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, "அண்ணே, அந்த மேட்டு மூலையில அறுங்களேன்" என்றார். இளநீரைக் குடித்தேன். எண் எங்கே விழுந்ததோ அங்கேதான் அறுத்தேன். நல்ல மழை பெய்த வருடங்களில் பெருமைக்காகச் செழித்த மூலையைக் காட்டுவார்கள். பயிர்க் காப்பீடு வந்த பிறகு அதே ஆட்கள் மொட்டை மூலையைக் காட்டினார்கள். முப்பத்து நான்கு வருடம் நான் இரண்டு மூலைக்கும் போனதில்லை.

பேத்தி விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பட்டாம்பூச்சி, வானவில் என்று ஏதோ வாழ்த்து மாதிரி இருந்தது. அதைப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே கேள்விகளுக்குப் போனேன். காலை ஆறரை முதல் எட்டரை வரை, மாலை மூன்று முதல் எட்டு வரை, கால் மணிக்கு ஒரு சீட்டு என்று எழுதி டம்ளரில் போட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் தினமும் ஒரு சீட்டு எடுப்பது. சீட்டில் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரத்தில் பார்ப்பது. பதினான்கில் பத்தும் அதற்கு மேலும் என்றால் சிரிப்பு, ஐந்திலிருந்து ஒன்பது வரை நேர்வாய், ஐந்துக்குக் கீழே அழுகை. இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரியவில்லை.

பொத்தான் சீட்டு இரவு எட்டு மணிக்கு விழுந்த நாளில் அவள் சட்டையை அவிழ்த்து என் மேல் எறிந்தாள். ஒற்றைக் காலில் நிற்பதற்குக் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினான்கு நாளில் மூன்று நாள்தான் பத்து வினாடி நின்றாள். மருமகள் எண்ணினால் நாலு வினாடியில் பத்து வந்துவிடும். அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் படி கிடையாது. அதனால் தினமும் ரயில் நிலைய நடைமேம்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். பதினான்கில் நான்கு முறை கால் மாற்றி ஏறினாள். மீதி பத்து முறையும் இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்துவைத்து, அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்து, "தாத்தா, ரயிலுக்குத் தலையில வழுக்கை" என்றாள். கதை சொல்லச் சொன்னால் குளியலறைப் பல்லியின் கதையைத்தான் சொன்னாள். ஆனால் அது தினமும் ஒரு புது இடத்தில் முடிந்தது. அதற்குச் சிரிப்பு முகம் போட எனக்குத் தயக்கமே இல்லை.

கடைசியில் கூட்டிப் பார்த்தேன். சிரிப்பு பதினொன்று, நேர்வாய் பத்தொன்பது, அழுகை பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்திரண்டு. கணக்கு சரியாக வந்த திருப்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் பள்ளியிலிருந்து மருமகளின் வங்கிக்குப் போன் போனது. சாயங்காலம் அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"மாமா, பதினோரு சிரிப்புதான் போட்டீங்களாம்?"

"பதினொண்ணுதாம்மா வந்துச்சு."

"வந்துச்சா? அது என்ன மழையா மாமா, வாரதுக்கு? முப்பது சிரிப்பு இல்லேன்னா மாடிக்கு ஏத்த மாட்டாங்களாம். இன்னொரு வருசம் யு.கே.ஜி.யாம்!"

மகன் வந்தான். புத்தகத்தில் நான் என்ன எழுதினேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்பா, நெல்லை அறுத்த மாதிரி எம் மகளையும் அறுத்துட்டீங்களே" என்றான்.

பேத்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் வந்து, "தாத்தா, நான் மாடிக்குப் போக மாட்டேனா?" என்றாள். பதில் சொல்லுமுன் அவளே ஒற்றைக் காலைத் தூக்கி நின்று காட்டினாள். என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. ஏழு வினாடி.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று தோசையில் ஒன்று மிச்சம்.

காலையில் தலைமை ஆசிரியையைப் பார்க்கக் கிளம்பினேன். பள்ளி வாசலில் பேத்தியின் சிநேகிதியுடைய அப்பா பைக்கில் நின்றிருந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். நீங்கள் அந்தப் புத்தகத்தை எத்தனை நாளில் நிரப்பினீர்கள் என்று கேட்டேன்.

"நாளா? பழங்காநத்தம் சிக்னல்ல நிக்கிறப்பவே போட்டு முடிச்சுட்டேன் சார். நாப்பத்திரெண்டும் சிரிப்பு. கடைசி ரெண்டு மட்டும் பச்சை விழுந்துருச்சு, பின்னாடி நின்னவன் ஹாரன் அடிக்க அடிக்கப் போட்டேன்."

உள்ளே யு.கே.ஜி. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். முழங்கால் என் தாடைக்கு நேராக வந்தது. எதிரே தலைமை ஆசிரியையும் வகுப்பு மிஸ்ஸும். பேத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள்.

என் முறையை விளக்கினேன். டம்ளரைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன். மிஸ் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"மத்த பிள்ளைங்களுக்கு எப்படி வந்துருக்கும்மா?" என்று கேட்டேன்.

"மொத்தம் இருபத்தாறு பிள்ளைங்க சார். உங்க பேத்தியத் தவிர இருபத்தஞ்சு பேருக்கும் வீட்டுல நாப்பத்திரெண்டு சிரிப்பு" என்றார் தலைமை ஆசிரியை.

"உங்களுக்கு அதுல சந்தேகம் வரலையா?"

"வராம இருக்குமா சார்? சந்தேகப்பட்டு எல்லாரையும் கீழயே வச்சுக்கிட்டா, மாடிய நான் என்ன வாடகைக்கா விடுறது?" அவர் ஒரு புதுப் புத்தகத்தையும் ஸ்கெட்ச் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "நாங்க போட்ட பக்கத்துல அவளுக்கு முப்பத்தேழு சிரிப்பு. நல்ல பிள்ளை. உங்க பக்கம்தான் இடிக்குது. இங்கயே உக்காந்து போட்டுருங்க சார், முடிஞ்சது."

பேனாவைக் கையில் எடுத்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் வராத எண்ணை நான் எழுதியதில்லை. ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே மூக்கு மட்டும் உள்ளே வந்திருந்தது. போட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் கை உடனே வரவில்லை. கொஞ்சம் நேரம் கடத்துவதற்காகப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

பட்டாம்பூச்சி. வானவில். வானவில்லுக்குக் கீழே கடுகு மாதிரி எழுத்தில் நான்கு வரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் பிள்ளை ஒரு முறை செய்து பார்த்திருந்தாலும் சிரிக்கும் முகம் வரையவும். உதவியோடு மட்டுமே செய்தால் நேர்வாய். ஒரு முறைகூடச் செய்யாவிட்டால் மட்டும் அழும் முகம்.

"இது அந்தப் புத்தகத்துலயும் இருந்துச்சா?"

"எல்லாத்துலயும் முதல் பக்கம் அதுதான் சார்."

"வானவில்லுக்குக் கீழ யாரும்மா விதிய எழுதுவாங்க?"

"பிள்ளைங்க புத்தகம் சார் அது" என்றார் மிஸ்.

சட்டைப் பையிலிருந்து என் குறிப்பு நோட்டை எடுத்தேன். பதினான்கு நாளும் நேரம் போட்டு எழுதியது. யாரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. நான் கடிகாரத்தைத் தவிர எதையும் தொடவில்லை. ஒற்றைக் கால், மூன்று முறை: சிரிப்பு. படி, நான்கு முறை: சிரிப்பு. பொத்தான், ஒன்பது முறை: சிரிப்பு. வரைந்துகொண்டே போனேன். எனக்கு வட்டம் நன்றாக வரும். வாய்தான் கோணலாக வந்தது. முடித்துவிட்டு இரண்டு தடவை எண்ணினேன். முப்பத்தொன்பது.

மூன்று மிச்சம். ஷூ லேஸ் கட்டுவது, கீரை சாப்பிடுவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது. பதினான்கில் ஒன்றுகூட இல்லை.

"மூணுதான சார், அதையும் சிரிப்பாப் போட்டா பாக்க அழகா இருக்கும்" என்றார் மிஸ்.

மூன்றுக்கும் அழும் முகம் வரைந்தேன்.

அதற்குள் பேத்தி உள்ளே வந்துவிட்டாள். "மிஸ், முடிஞ்சுச்சா? மிஸ், நான் மாடியா? மிஸ்!"

"பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல தங்கம், கொஞ்சம் வெளிய இரு" என்றார் தலைமை ஆசிரியை. வெளியே போனாள். ஆறு வினாடியில் திரும்பி வந்தாள். "மாடியா மிஸ்?"

"நான் அழுகை போட்டேனே, அந்த மூணாவது" என்றேன் மிஸ்ஸிடம்.

"மாடிதான்டி" என்று தலைமை ஆசிரியை புத்தகத்தை மூடினார்.

மருமகள் மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பள்ளியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் இப்போது நேரே அவள் கைப்பைக்குள் போய்விடுகிறது. மகன் மட்டும், வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், "அப்பாகிட்டப் பாத்து இருங்க, கயிறு கட்டிருவாரு" என்கிறான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று நானே கூட்டிப்போனேன். அறுநூற்று ஐம்பத்தொன்று, பை கனம். மாடிப்படியின் அடியில் புது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நாற்பத்திரண்டு சிரிப்பு வாங்கிய சிநேகிதி முதல் படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேலே போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்பா பிஸ்கட் பாக்கெட்டோடு குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். என் பேத்தி வரிசையில் ஐந்தாவது. நான்கு பேரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். ஒரு லேஸ் தரையில் இழுபட்டது. யாரோ ஒரு மிஸ் "ஏய், வரிசை!" என்று கத்தினார்.

கால் மாற்றி ஏறுகிறாளா என்று பார்த்தேன். மாற்றித்தான் ஏறினாள். பதினோரு படி. அதற்குமேல் படி திரும்புகிறது, அவள் தெரியவில்லை. அங்கே மொத்தம் இருபத்திரண்டு படி. மீதிப் பதினொன்றை நான் பார்க்கவில்லை, அதனால் நோட்டில் எழுதவில்லை.