பெரிய அத்தான் இல்லாத வெப்சைட்

முனீஸ்வரிக்குப் பார்க்கவே சகிக்கவில்லை. ராஜபாளையத்தில் கௌதம்ராஜின் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கம்ப்யூட்டரில் அவளுடைய வெப்சைட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஒன்றுகூட நின்ற இடத்தில் நிற்கவில்லை. முதலில் நாதஸ்வரம் முழங்கியது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்தது. மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்டியது. பூ கொட்டி முடிந்ததும் அவளுடைய பெரிய அத்தான், புருஷனின் அண்ணன் சமுத்திரம், வெள்ளைச் சட்டையும் பட்டுத் துண்டும் கும்பிட்ட கையுமாக, கோபுரத்தைவிடப் பெரிதாக வந்து நின்றார்.

அவருக்குப் பக்கத்தில் தம்பிமார், மச்சினமார், சித்தப்பாமார் எல்லாரும் வரிசை கட்டி நின்றார்கள். அத்தனை பேரும் கும்பிட்டார்கள். முனீஸ்வரியின் புருஷன் வேலுசாமிகூடக் கடைசியில் நின்று கும்பிட்டார்.

"ஒருத்தரையும் விட்டுடல அத்தை" என்றான் கௌதம்ராஜ். வேலுசாமியின் அக்கா மகன் அவன். "அவிய அவிய மரியாதைக்குத் தக்கன சைஸ் போட்டுருக்கேன்."

"நைட்டி எங்கலே?"

"கீழ போங்க."

கீழே போனாள். அங்கே ஒரு ராஜபாளையம் நாய் நின்றது. வெள்ளை நாய், கம்பீரமாகத்தான் இருந்தது.

"நாய் எதுக்குலே இதுல?"

"வெளியூர்க்காரனுக்கு நம்ம ஊருன்னா நாய்தானே அத்தை தெரியும். ஒரு அடையாளத்துக்குத்தான். இன்னும் கீழ போங்க, நைட்டி வரும்."

வந்தது. தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு நைட்டி, நாயின் காலடியில்.

முனீஸ்வரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையில் பவர் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். கூட ஒத்தாசைக்கு யுவராணி என்று பக்கத்துத் தெருப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முனீஸ்வரி தைத்த துணியெல்லாம் ஒரு வியாபாரியின் பெயர் போட்ட லேபிளோடுதான் வெளியூருக்குப் போயிருக்கிறது. கட்டுக்கட்டாக அவர் துணி கொடுப்பார், இவள் தைத்துக் கொடுப்பாள். நன்றாக இருந்தால் அவர் பெயர், நூல் பிரிந்தால் இவள் கை சரியில்லை. இதுதான் அந்தத் தொழிலின் நியாயம்.

இரண்டாவது பிள்ளையை ஆபரேஷனில் பெற்ற பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கடையில் கிடைக்கிற நைட்டி எதுவும் பிள்ளை பெற்றவள் உடம்பை நினைத்துத் தைத்தது இல்லை. தையல் போட்ட வயிற்றில் மடிப்பு உரசுகிறது. பால் கொடுக்க ஜிப்பைத் திறந்தால் அதன் பல் பிள்ளையின் கன்னத்தில் கீறுகிறது. அவளே ஒன்று வெட்டினாள். வயிற்றுக்கு நேரே மடிப்பே கிடையாது, உள்ளே மெல்லிய பருத்தித் துணி. ஜிப்பை மடிப்புக்குள் மறைத்து, பல் வெளியே தெரியாமல் ஒரு துணிப் பட்டி வைத்தாள். தெருவில் பிள்ளை பெற்றவர்களெல்லாம் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அதில் ஒன்று எப்படியோ மதுரைக்குப் போய், நௌஷீன் என்ற பெண்ணின் கண்ணில் பட்டுவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டியதை விற்கிற கடை வைத்திருக்கிறாள். "அக்கா, உங்க பேரு போட்டே எனக்குத் தைச்சுக் குடுங்க. ஆனா என் பார்ட்னர் வெளியூர்ல இருக்காங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா எது எந்த சைஸ், எது என்ன துணின்னு குழம்புது. ஒரே பக்கமா ஒரு வெப்சைட் லிங்க் இருந்தா அனுப்புங்க" என்றாள். சொந்த லேபிள். முனீஸ்வரி தூக்கத்தில்கூட அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

வெப்சைட் என்றதும் வேலுசாமி மருமகனைக் கை காட்டினார். கௌதம்ராஜ் ஃபிளக்ஸ் கடைக்காரன். காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, இழவு எதற்கும் நம் பக்கத்தில் ஃபிளக்ஸ் இல்லாமல் காரியம் நடக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே பூ, ஒரே கும்பிடு, எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். போன வருடத்திலிருந்து கடைப் பலகையில் 'வெப்சைட் செய்து தரப்படும்' என்றும் சேர்த்திருந்தான். மனிதன் ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. இருந்த ஃபிளக்ஸை நீளமாக்கி நாதஸ்வரத்தைச் சேர்த்துக்கொண்டான். அதற்கு முனீஸ்வரி இன்னொரு மெஷின் வாங்க வைத்திருந்த சீட்டுப் பணம் போயிற்று.

"இத எல்லாத்தையும் எடுலே. துணிய மட்டும் போடு" என்றாள்.

"மதுரை அக்காவுக்கு லிங்க் காலையிலயே அனுப்பிட்டேனே அத்தை."

சொல்லி வாய் மூடவில்லை, முனீஸ்வரியின் போன் அடித்தது. நௌஷீன்தான். குரலே கம்மியிருந்தது.

"அக்கா, காலையிலயே பார்த்தேன். மனசே சரியில்ல. எப்ப தவறினாங்க?"

"யாரும்மா?"

"பெரியவர்தான். பூவெல்லாம் கொட்டுதே, பெருசா கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரே. பாவம், ஒரு நாய்கூடக் கீழ நிக்குது."

"அவிய உசுரோடதான் இருக்காவ" என்றாள் முனீஸ்வரி. "காலையிலதான் எங்க வீட்டுல டீ குடிச்சுட்டுப் போனாவ."

பிறகு நௌஷீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நைட்டி லிங்க்குக்குப் பதில் அஞ்சலி லிங்க் மாறி வந்துவிட்டது, துக்க வீடு போல, ஒரு மாதம் போகட்டும் என்று பார்ட்னரிடம் சொல்லிவிட்டாளாம். பார்ட்னரோ திருப்பூரிலிருந்து வந்த வேறொரு லிங்கைப் பார்த்து, அதையே எடுத்துக்கொள்வோம் என்கிறாராம். "வெள்ளிக்கிழமை முடிவு பண்றோம்க்கா. அதுக்குள்ள துணி தெரியிற மாதிரி ஒண்ணு அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுக் கௌதம்ராஜைப் பார்த்தாள். அவன் நிலைமை புரிந்து கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தான்.

"பெரிய மாமா மூஞ்சிய எடுக்கச் சொல்லாதீய அத்தை. இந்தக் கடைக்கு அட்வான்ஸ் குடுத்ததே அவியதான். வேணும்னா நாய எடுத்துருதேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு அந்த ரோஜாப்பூ கண்ணுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. துப்பினாலும் போகாத அசிங்கமாக இருந்தது. வெளியே பார்த்தால் ரோட்டோரம் முழுக்க அதே கும்பிடு, அதே வெள்ளைச் சட்டை. இத்தனை வருடம் இதற்குக் கீழேதான் போய் வந்திருக்கிறோம் என்று நினைத்தவள் பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.

மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த வேலுசாமி நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏட்டி, அண்ணன் ஒரு ஓரமா நின்னுட்டுப் போகட்டுமே. அவிய என்ன, இடத்தையா அடைச்சுக்கிடப் போறாவ?"

"இடத்தத்தான் அடைச்சுக்கிட்டு நிக்காவ" என்றாள் முனீஸ்வரி.

மறுநாள் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். மெஷின் சும்மா நிற்க, அவளும் யுவராணியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தானே செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எதை வைத்துச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

போனில் விளம்பரமாக வந்த ஒன்றைத்தான் முதலில் தொட்டார்கள். இலவசம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நூறு டிசைன் காட்டியது. எல்லாவற்றிலும் வெள்ளைக்காரப் பெண்கள் காப்பி குடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர்களும் ஆசையாக ஒன்றை எடுத்து, படம் போட்டு, எழுத்து அடித்து, வேர்த்து விறுவிறுத்து முடித்தபோது, வெளியிடுவதற்குக் கார்டு நம்பர் கொடு என்றது. கொடுக்காவிட்டால் தன் விளம்பரத்தை நைட்டியின் மேலேயே ஒட்டிவிடுவேன் என்றது. "இவனுக்குக் கௌதமே தேவலாம் போலயே, அவனாச்சும் மொதல்லயே கேட்டான்" என்றாள் யுவராணி. முனீஸ்வரி அதை அழித்த வேகத்தில் போனே விழப் பார்த்தது.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு கடை மாதிரியான சமாச்சாரம். பார்சல் கணக்கு, தள்ளுபடி, வரி எல்லாம் அதில் செய்யலாமாம். மாதா மாதம் கட்ட வேண்டும். இவளிடம் இருப்பது ஒரே ஒரு சரக்கு. ஒரு நைட்டியை மாட்டி வைக்க எதற்கு ஜவுளிக்கடல் என்று அதையும் விட்டாள்.

கடைசியில் கிடைத்ததைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. அவளுடைய மெயில் கணக்கோடு சும்மாவே வருகிற ஒன்று. வெறும் வெள்ளைத் தாள். படம் வைக்கலாம், எழுதலாம், நம்பர் போடலாம், அவ்வளவுதான். எழுத்து ஆடாது. பூ கொட்டாது. பாட்டுப் போட இடமே இல்லை. முனீஸ்வரிக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

"லிங்க்ல வர்ற பேருதான் நீளமா இருக்கு. நம்ம பேரு மட்டும் வார மாதிரி வைக்கக் காசு கட்டணுமாம்" என்றாள் யுவராணி.

"லிங்க்கத் தொட்டுத் தொறக்கப் போறாங்க. யாரு உக்காந்து எழுத்துக் கூட்டி அடிக்கப் போறா? ஆர்டர் வரட்டும், பொறவு பேர வாங்கிக்கிடலாம்."

படத்துக்குத்தான் திண்டாட்டம். நைட்டியைப் போட்டுக்கொண்டு நிற்க யுவராணி உட்படத் தெருவில் ஒருத்தியும் தயாரில்லை. ஹேங்கரில் மாட்டி எடுத்தால் தலையில்லாத பேய் போல இருந்தது. கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் பாயை விரித்து, துணியைப் பரப்பி, முனீஸ்வரியின் கை ஜிப்பைத் திறப்பதை மட்டும் எடுத்தார்கள். பட்டியை விரலால் நீவிக் காட்டுவதை ஒன்று. வயிற்றுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவதை ஒன்று. கீழே சைஸ், துணி, எத்தனை தடவை துவைத்தும் சாயம் போகவில்லை என்பது, நம்பர். யுவராணியின் பழைய போனில் தொட்டதும் திறந்தது. நெட் மோசமாக இருந்த அடுப்படிக்குள்ளும் திறந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்பே லிங்க் போய்விட்டது.

நௌஷீன் மறுபடி கூப்பிட்டபோது குரல் நன்றாக இருந்தது. "இப்பத்தான்க்கா துணியையே பார்த்தேன். பார்ட்னருக்கு அந்தப் பட்டி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. இதைத் தைக்கிறது யாரு? அந்த மொதல் லிங்க்ல அத்தனை ஆம்பளைங்க நின்னாங்க, ஒரு பொம்பளைகூட இல்லையே. பிள்ளை பெத்தவளுக்கு யாரு தைக்கிறான்னு வாங்குறவங்க கேப்பாங்க. உங்க போட்டோ ஒண்ணு போட்டு விடுங்களேன்."

முனீஸ்வரிக்கு முகத்தில் யாரோ அழுக்குத் தண்ணீரை ஊற்றினாற்போல் ஆயிற்று. அவள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தவள். பெரிய அத்தானைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள், நாயைப் பார்த்துக் கத்தினாள். அவள் தொழில், அவள் காசு, அவள் கை. அதில் அவள் இல்லை என்பது மட்டும் அவள் கண்ணிலேயே படவில்லை. கௌதம்ராஜ் மேல் வந்ததைவிட இப்போது அவளுக்குத் தன் மேல்தான் அதிக அருவருப்பு வந்தது.

யுவராணியைக் கூப்பிட்டு அப்படியே ஒரு படம் எடுக்கச் சொன்னாள். கழுத்தில் இஞ்ச் டேப், தலையில் நூல் பிசிறு, கண்ணுக்குக் கீழே கருப்பு. முகம் கழுவிவிட்டு வாங்க என்று யுவராணி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்தைப் போட்டுக் கீழே, 'தைப்பவர்: முனீஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று அடித்தாள். ஆர்டர் உறுதியாயிற்று. லேபிளில் அவள் பெயர்தான்.

சமுத்திரத்துக்குச் சேதி போகாமல் இருக்குமா? வாசலில் நின்றபடியே கத்தினார். உள்ளே வரவில்லை.

"குடும்பத்து ஆளுங்க அம்புட்டு பேரையும் தூக்கிட்டு, பொம்பள மூஞ்சிய ஊரு பாக்கப் போட்டிருக்கிய. அசிங்கமா இல்ல?"

"இருந்துச்சு அத்தான்" என்றாள் முனீஸ்வரி. "அதான் எடுத்துட்டேன்."

அடுத்த மாதம் சமுத்திரத்தின் பேத்திக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் கௌதம்ராஜ் அடித்த ஃபிளக்ஸ், பனை உயரத்துக்கு நின்றது. வேலுசாமி மொய்க் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார். ஒன்றுவிட்ட மச்சினன்கூட அதில் இருந்தான். வேலுசாமி இல்லை. உள்ளே போனால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர்களில் பாதிப் பேர், "என்ன மாப்ள, ஃபிளக்ஸ்ல ஒங்களக் காணோமே?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. முனீஸ்வரியின் போனை வாங்கி அவளுடைய பக்கத்தைத் திறந்து, மேலும் கீழுமாக விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். மனிதனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அதுலயும் இல்ல. இதுலயும் நான் இல்லையேட்டி" என்றார்.

மதுரைக்குப் போக வேண்டிய கட்டு பாதியில் நின்றது. முனீஸ்வரி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க எதத் தைச்சிய?"