அக்காவின் பெயரை வெட்டியவன்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில் யாருக்காவது நியாயம் கேட்கப் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நியாயம் கிடைக்கும் என்று அல்ல. தாலுகா ஆபீஸில் காத்திருக்கும்போது சிரிக்க ஆள் வேண்டுமே. தேவாலயத்தில் சபைச் செயலர், ஊரில் சமூகநீதிக் குழுத் தலைவர் என்று எனக்கு இரண்டு பதவி. இரண்டும் வேறு யாரும் கேட்காததால் வந்தவை.

உண்மையில் வேலை செய்தது ஓர் அக்கா. முந்திரி ஆலையில் வேலை, கணவர் இல்லை. காலனிக்காரர்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நடந்த காலம் அது. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மூன்று வருஷம் என்னோடு அலைந்தாள். நான் மைக்கில் பேசுவேன். அக்கா பேசமாட்டாள், அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நிற்பாள், நகரமாட்டாள். பாதை வந்தது. பேப்பரில் என் படம் வந்தது, வாயைத் திறந்தபடி.

பிறகு அக்காவுக்கு முழங்கால் வலி. இரணியல் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டில் ஜெபித்ததும் வலி குறைந்தது என்றாள். சில மாதத்தில் அங்கேயே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள். எங்கள் சபையில் குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம். அதன்பிறகு வேறிடத்தில் முழுக்கு எடுத்தால் பட்டியலில் பெயரை வெட்டுவார்கள். பெயர் இல்லாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.

"நான் எங்கயும் போவல்ல மக்கா," என்றாள் அக்கா. "அங்கன ஜெபத்துக்குப் போறேன், இங்கன ஆராதனைக்கு வாறேன். ரெண்டு எடத்துலயும் ஏசு ஒருத்தர்தானே?"

"ஏசு ஒருத்தர்தான் அக்கா, கமிட்டிதான் ரெண்டு."

அவளும் சிரித்தாள்.

கமிட்டியில் அக்காவின் பெயரை வெட்டும் தீர்மானம் வந்தபோது ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குவாரி லாரிகளுக்கு எதிரான மனுவுக்கு அன்றைக்குத்தான் சபையின் ஆதரவு கேட்டிருந்தேன். கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பிலும் நானே வாசித்தேன். சபை நெளிந்தது. அந்தச் சங்கடம் பொறுக்காமல், "அக்கா முங்கி எழும்பியாச்சு, நாமதான் இன்னும் கரையில நிக்கோம்," என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். அக்கா கடைசி பெஞ்சில் இருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அக்கா ஆராதனைக்கு வரவில்லை. மனு கொடுக்க மட்டும் வந்தாள், எனக்கும் சேர்த்து பிளாஸ்கில் சாயா கொண்டு வந்தாள். கோபமில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

போன மழைக்காலத்தில் அக்கா இறந்தாள். ஒரே மகள் போனில் அழைத்தாள்.

"மாமா, அம்மைக்கு ஒரே ஒரு ஆசைதான். அப்பாக்க பக்கத்துல கெடத்தணும். நீங்க சொன்னா கேப்பாவ."

கமிட்டி அவசரமாகக் கூடியது. நான் எழுந்து பேசினேன். பொருளாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தீர்மானத்துல ஆருக்க கையெழுத்துவே கெடக்கு?"

"எனக்கதுதான்."

"பின்ன எங்ககிட்ட என்னத்துக்குச் சாடுகீரு?"

"நான் ஒரு மண்டன், யோசிக்காம போட்டுட்டேன்னு எழுதிக்கிடும்."

"மண்டன்னு ஊருக்கே தெரியும்வே. இன்னைக்கு இவளுக்கு விட்டா நாளைக்கு பத்துபேரு வருவாவ."

இரண்டு மணி நேரம் கழித்து இறங்கிவந்தார்கள். கணவரின் பக்கத்தில் புதைக்கலாம். ஆனால் சாவு மணி அடிக்கக் கூடாது, போதகர் வரமாட்டார், பெரிய கேட்டைத் திறக்கமாட்டார்கள், பக்கவாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும். கேட்டதில் பாதி கிடைத்தாலே ஆபீஸிலிருந்து ஓடிவந்து பழகியவன் நான். ஜெயித்துவிட்டோம் என்று அக்காவின் வீட்டுக்கு ஓடினேன்.

"பக்கவாசல் வழியாவா?" என்று கேட்டாள் மகள்.

"உள்ள போயிட்டா எல்லாம் ஒரே மண்ணுதானே மக்கா."

"மணியும் அடிக்க மாட்டாவ?"

"மாட்டாவ."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அம்மையைக் களவாண்ட சாமான் மாதிரி பின்னால கூடி கொண்டு போவணுமா? வேண்டாம் மாமா. அப்பா ஒத்தைக்குக் கெடக்கட்டும்."

நான் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். அவள் அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபவீட்டாருக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் புதைக்க ஓர் இடம் உண்டு. அங்கே கொண்டுபோனோம். கணவரின் கல்லறையிலிருந்து பஸ்ஸில் போனால் இரண்டு வண்டி மாற வேண்டிய தூரம். காற்றில் பெட்டியின் மேல் போர்த்திய வெள்ளைத்துணி நிற்கவில்லை. நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்தோம். அடக்கம் முடியும்போது அவர்களுடைய பாஸ்டர், "தலைவர் ரெண்டு வார்த்தை பேசட்டும்," என்றார்.

கூப்பிட்ட இடத்தில் எல்லாம் பேசியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவங்க பேரை வெட்டினது நான்தான்," என்றேன்.

எதிரே நின்ற ஒருவர் நான் ஏதோ தமாஷ் ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கத் தயாரானார். அடுத்து என்ன என்று என் வாயையே பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"மாமா, கொஞ்சம் மாறி நில்லுங்க," என்றாள் மகள், கை நிறைய மண்ணோடு.

நான் குழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்.